வெந்து கெட்ட தீனி

"மெஷினை ஓடவிட்டுட்டு எங்கேயாவது போனீங்களா?"

இயக்குநர் கேட்டதும் தீனியக்கா தலையைக் குனிந்துகொண்டாள். ஆய்வுக்கூடத்து எலிகளின் தீனியை நீராவியில் வைத்துக் கிருமி போக்குவது அவள் வேலை. பெயரும் அதனால் வந்ததுதான்.

மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்ததாம். பேசிவிட்டுத் திரும்புவதற்குள் மெஷின் வெகுநேரம் ஓடிவிட்டதாம். மறைக்காமல் சொன்னாள்.

புது வலி மருந்து கொடுக்கப்பட்ட எலிகள், பின்னங்காலை இழுத்து இழுத்து, ஒவ்வொன்றாய்ச் செத்திருந்தன. அடுத்து மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டிய மருந்து அது.

சூடு கூடினால் தீனியிலுள்ள வைட்டமின் பாழாகும், அது இல்லாவிட்டால் நரம்பு தளர்ந்து கால் விளங்காமல் போகும் என்று இயக்குநர் பொறுமையாக விளக்கினார். சோதித்ததில் தீனியில் சத்து குறைந்துதான் இருந்தது.

அந்த எலிகளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்ட உதவி ஆய்வாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு போனுக்காக எல்லாத்தையும் கொன்னுட்டீங்களேக்கா" என்றாள்.

தீனியக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவளுக்குச் சீட்டுக் கிழிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இயக்குநரோ, "பிள்ளைக்கு முடியலைன்னா யாருக்குமே கை ஓடாதும்மா. நாளையிலேர்ந்து கூண்டு கழுவுங்க, போதும்" என்று முடித்துவிட்டார். எலிகள் செத்தது தீனிக் கோளாறால்தான், மருந்தில் குறையில்லை என்று கம்பெனிக்கும் போனில் சொல்லிவிட்டார்.

தீனியக்கா அவர் காலில் விழாத குறை. இனி ஜென்மத்துக்கும் கவனம் சிதறாது என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனாள்.

உதவி ஆய்வாளருக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன் என்று வருந்தினாள். "உங்களுக்குப் பெரிய மனசு சார்" என்றாள்.

இயக்குநர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"பக்கத்து ரூம்ல, மருந்து கொடுக்காம, ஒப்பிட்டுப் பார்க்க நான் தனியா வெச்சிருக்கிற எலிங்க இருக்கில்ல? அதுங்களும் இதே தீனியைத்தான் தின்னுது. ஒண்ணுகூடச் சாகலை, எல்லாம் குத்துக்கல்லு மாதிரி இருக்கு. கம்பெனிக்காரங்க வர்றதுக்குள்ள அதுங்களையும் முடிச்சிடும்மா."