ஆயிரத்துக்கு மேல் திறக்காது

"இன்னைக்கும் பாதியிலயே நின்னுடுச்சும்மா" என்றார் ஆபரேட்டர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்தாள். வெள்ளம் கணவனைக் கொண்டுபோனதிலிருந்து, மாமியாரோடு இந்த நிவாரண அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறாள்.

அடையாளம் தெரியாமல் அடக்கம் செய்யப்பட்டவர்களின் படங்கள் எல்லாம் இந்தக் கம்ப்யூட்டரில்தான். கணவனின் போட்டோவைக் கொடுத்தால், புரோகிராம் ஒவ்வொரு படமாகத் திறந்து முகத்தை ஒப்பிடும்; திறந்ததை மூடாமலே அடுத்ததற்குப் போகும். ஆயிரம் படம் திறந்ததும், இதற்கு மேல் திறக்க அனுமதியில்லை என்று செத்து விழும். மறுநாளும் அதே ஆயிரம்தான்.

அவளும் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள். ஒரு புரோகிராம் ஒரே சமயத்தில் எத்தனை கோப்புகளைத் திறக்கலாம் என்பது நாமே வைக்கும் வரம்பு. உயர்த்த ஒரு வரி தட்டினால் போதும்.

சொல்லிப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். மேலிடத்து அனுமதி வேண்டும் என்று அந்த மனிதர் பழைய பல்லவியையே பாடினார்.

மாமியாராவது வாய் திறக்கலாம் அல்லவா? கல்லுளிமங்கி. திறந்தாலும், நாளைக்கு வரலாம் என்பதோடு சரி.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க பெத்த பிள்ளை அத்தை. அவர் இதுல இல்லைன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு மூச்சே வரும். உங்களுக்கு அதுகூட வேண்டாமா?"

மாமியார் ஃபிளாஸ்க்கைத் திருகி மூடினார்.

இனிப் பொறுக்க முடியாது என்று கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, என்ன வரம்பு வைத்திருக்கிறது என்று கம்ப்யூட்டரையே தட்டிக் கேட்டாள். திரையில் இரண்டு எண்கள் வந்தன. லட்சம் கோப்பு வரை போகலாம் என்றது ஒன்று. ஆயிரம் போதும் என்று யாரோ வேலை மெனக்கெட்டுக் குறைத்து வைத்திருந்தது மற்றொன்று. மேலிடமாவது, மண்ணாவது.

"யார் சார் இதைக் குறைச்சது?"

ஆபரேட்டர் தலையைக் குனிந்துகொண்டார். "முதல் நாள், நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்போ, இந்த அம்மா மட்டும் தனியா வந்தாங்க. அன்னைக்கு முழுசா ஓடிச்சும்மா."

மாமியார் வந்து கீபோர்டில் இருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தாம்மா குறைக்கச் சொன்னேன். பிள்ளை பொறக்கிற வரைக்குமாவது, அவன் வருவான்னு நீ நம்பிக்கிட்டு இருக்கணும்னு."