வெளித் தாழ்ப்பாள்

குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்தபோது மரகதம் கார்பெண்டரைக் கூப்பிடச் சொன்னாள். "ஒரு தாழ்ப்பாளுக்கு ஆளா? நானே பார்த்துக்கறேன்" என்றார் அவள் கணவர் தணிகாசலம். கதவின் உள்பக்கம் உளுத்துப்போயிருந்ததால் ஸ்க்ரூ நிற்கவில்லை. வெளிப்பக்கம் நின்றது, அங்கேயே மாட்டிவிட்டார். உள்ளிருந்து இழுத்துப் பிடித்துக்கொள்ளக் கதவில் ஓட்டை போட்டு ஒரு கயிறும் கட்டினார். ஆண்பிள்ளைகளும் விருந்தாளிகளும் நடமாடும் வீட்டில் மரகதம் பதினோரு வருடம் ஒரு கையில் கயிற்றைப் பிடித்தபடி மறு கையால் குளித்தாள். முதுகுக்குச் சோப்பு போட்டதே இல்லை. கேட்டபோதெல்லாம் "ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்" என்றார். போன மாதம் வாதம் வந்து அவருக்கு வலது கை விழுந்துவிட்டது. நேற்று அவர் கயிற்றை விட்டுவிட்டு இடது கையால் குளிக்கும்போது கதவு தானாகத் திறந்துகொண்டது, எதிரே மருமகள் நின்றிருந்தாள். இன்று காலை அவரே போன் போட்டுக் கார்பெண்டரை வரச்சொன்னார். பையோடு வாசலில் வந்து நின்றவனிடம் மரகதம், "வேணாம்ப்பா, நீ கிளம்பு. அதெல்லாம் அவரே பார்த்துப்பாரு" என்றாள். உள்ளே குளியலறை ஸ்டூலில் அவர் குளிக்கக் காத்திருந்தார். கயிற்றை எடுத்து அவருடைய இடது கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.