பக்கத்து வீடுங்க

"நீங்க யாருங்க?" என்று கேட்டார் அப்பா.

கடற்கரையில், மடக்கு நாற்காலியில், பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டது, பக்கத்து நாற்காலியில் இருந்த சொந்த அக்காவை. முப்பத்திரண்டு வருஷம் கழித்துப் பார்க்கிற அக்காவை.

மகள் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள்.

"நான் பக்கத்து வீடுங்க. சும்மா காத்து வாங்க வந்தேன்."

மகளுக்குச் சுருக்கென்றது.

அப்பாவுக்கு இரண்டு வருஷமாக மறதி. இருக்கிற கொஞ்ச நினைவும் போவதற்குள் அக்காவைக் காட்டிவிட வேண்டும் என்று, ஆபீசில் கெஞ்சி லீவு வாங்கி, கடல் தாண்டிக் கூட்டி வந்திருந்தாள். சனி, ஞாயிறு இரண்டே நாள். விடிந்தால் விமானம்.

பழைய கதை அவளுக்கும் தெரியும். அத்தை தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டவள். பெற்ற தாய் செத்த அன்று ஓடி வந்தாள். அப்பா கதவையே திறக்கவில்லை. வாசலோடு திரும்பியவள் நாட்டை விட்டே போய்விட்டாள்.

தப்பு அப்பா மேல்தான். அதற்காக, குழந்தை மாதிரி ஆகிவிட்ட மனுஷனிடமா வைராக்கியம்?

அத்தை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்குக் கூடப் பிறந்தவங்க யாராவது?"

"ஒரு அக்கா இருக்கா. வெளிநாட்டுல."

"என்னை மாதிரி இருப்பாங்களா?"

"சேச்சே! அவ ஒல்லி. பாக்கவும் லட்சணமா இருப்பா."

அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எதற்கென்று தெரியாமல் அப்பாவும் சிரித்தார். அப்புறம் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அலையில் கால் நனைக்கப் போனார்கள். அப்பா இப்படிச் சிரித்துப் பல மாசம் ஆகியிருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவர் கண்ணயர்ந்துவிட்டார். மகளால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அத்தை, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. 'நான்தான்டா உன் அக்கா'ன்னு ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க? இன்னுமா உங்க மனசு ஆறலை?"

அத்தை கீழே குனிந்து, தம்பியின் பாதத்தில் ஒட்டியிருந்த மணலைத் துண்டால் துடைத்தாள்.

"நேத்து வந்ததும் நீ குளிக்கப் போனியே, அப்பவே சொன்னேன்மா."

"சொன்னீங்களா?"

"'கதவைத் திறக்காம விட்டுட்டேனே அக்கா'ன்னு காலைக் கட்டிக்கிட்டு அழுதான். அதெல்லாம் எப்பவோ மன்னிச்சிட்டேன்டான்னு தேத்தி, தண்ணி குடுத்தேன். அஞ்சு நிமிஷம் ஆகலை, மறுபடியும் யாருங்கன்னு கேட்டான். சொன்னேன். மறுபடியும் முதல்லேருந்து அதே அழுகை."

மகள் தூங்கும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அத்தை துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "கதவைச் சாத்தினது அவனுக்கு ஞாபகம் இருக்கு. நான் மன்னிச்சதுதான் நிக்க மாட்டேங்குது. எத்தனை தடவைம்மா அவனை அழ வைக்கிறது?"