அப்பாதுரை மாடல்

"அருணு, மாமா உள்ள படுத்திருக்காரு. அந்தக் கரகரப் பொட்டிய எடுத்தாந்து நல்லா சத்தமா வாசிடா."

அருண்ராஜுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் டீ டம்ளரும் கையுமாக நின்று இதைச் சொன்னது பக்கத்து வீட்டு ஞானாம்பாள். மாமா என்றது அவள் புருஷன் அப்பாதுரையை. மத்தியானத் தூக்கத்தில் ஈ பறந்தால்கூட எழுந்து உட்கார்ந்து ஈயைத் திட்டுகிற மனிதர்.

"ஏன் அத்தை, வெயில்ல தலை சுத்துதா? நேத்துகூட பொட்டிய அடுப்புல வெக்கறேன்னு கத்தினாரு."

"நான் சொல்றேன்ல, வாசி."

அப்பாதுரைக்கும், கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் அந்தப் பெடல் பெட்டிக்கும் ஜென்மப் பகை. விடியும் முன்பே உப்பளத்துக்குப் போய்விட்டு, வெயில் ஏறியதும் வந்து சாப்பிட்டுப் படுப்பார். சரியாக அப்போதுதான் அருண்ராஜ் கிட்டாரை எடுப்பான். காலால் பெடலை மிதித்ததும், அதுவரை ஒழுங்காக இருந்த சத்தம் தார் ரோட்டில் தகரத்தை இழுப்பதுபோல் ஆகிவிடும். அவனுக்கு அது சங்கீதம். அவருக்குக் கொலை முயற்சி.

போன கோடையில் ஒருநாள் சுவரேறிக் குதித்து வந்து, பெடலைப் பிடுங்கிக்கொண்டு போய் உப்புப் பாத்தியில் வீசிவிட்டார். அருண்ராஜ் தேடியெடுத்து, கழுவிக் காயவைத்து மாட்டினான். உப்பில் ஊறிய பிறகுதான் அதற்கு அடித்தொண்டைக் கரகரப்பே வந்தது. எங்கே வாங்கினாய் என்று பாண்டிச்சேரி நண்பர்கள் பொறாமையோடு கேட்டபோது, "இது அப்பாதுரை மாடல், கடையில கெடைக்காது" என்றான்.

"அத்தை, சனிக்கிழமை பாண்டில புரோகிராம் இருக்குது. மாமா எழுந்து வந்து இத ஒடைச்சிட்டாருன்னா நான் தொலைஞ்சேன்."

"வந்து ஒடைக்கட்டுன்டா. என் வளையல வித்தாவது புதுசு வாங்கித் தர்றேன்."

அருண்ராஜுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "சண்டையா?"

"கொழம்புல உப்பு தூக்கலா இருக்குதுன்னாரு. உப்பளக்காரன் ஊட்ல பின்ன சக்கரையா இருக்கும்னு நானும் வாய விட்டுட்டேன். மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் படுத்துட்டாரு."

பழிவாங்கக் கூப்பிடுகிறாள். இப்படி ஒரு வாய்ப்பு இனி வராது. ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்து, அப்பாதுரை படுத்திருந்த அறையின் திரை போட்ட ஜன்னலுக்கு நேராக வைத்தான். தப்பித்து ஓட வசதியாகச் செருப்பையும் மாட்டிக்கொண்டான்.

பெடலில் மூன்று குமிழ்கள். கரகரப்புக்கு டிரைவ், கூர்மைக்கு டோன், சத்தத்துக்கு லெவல். மூன்றையும் பாதியில் வைத்தான். மிதித்தான்.

"பத்தல," என்றாள் ஞானாம்பாள்.

டிரைவைக் கடைசி வரைக்கும் திருகினான். தென்னை மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்துவிட்டன. தெரு நாய் ஈசிஆர் ரோட்டைப் பார்க்க ஓடியது.

"காதுல ஊசி குத்துதுன்னு திட்டுவாரே, அந்த மாதிரி வைடா."

"அது டோன் அத்தை. ரொம்ப ஏத்துனா கேவலமா இருக்கும்."

"கேவலமாவே வை!"

ஊரில் முதல் ரசிகை கிடைத்த சந்தோஷத்தில் அருண்ராஜ் டோனையும் லெவலையும் முழுக்கத் திருகிக் கம்பிகளை வெறித்தனமாக மீட்டினான். ஜன்னல் கதவு நடுங்கியது.

"டேய்!"

ஞானாம்பாள் பாய்ந்து போய்த் திரையை விலக்கப் போனாள். ஆனால் குரல் பின்னாலிருந்து வந்திருந்தது. எதிர்வீட்டுக் குழந்தைசாமி வேட்டியை இறுக்கியபடி வாசலில் நின்றார். "மனுஷன் தூங்க வேணாமாடா? அப்பாதுரை ஊட்ல இல்லன்னதும் குளிர் விட்டுப்போச்சா?"

"மாமா உள்ளதான் இருக்காரு!" என்று பெருமையாகக் கத்தினான் அருண்ராஜ்.

"இன்னும் ஒருதரம் வாசிடா. ஒரே ஒருதரம்," என்றாள் அவள்.

வாசித்தான். மேல்கம்பி அறுந்து தொங்கியது. சத்தம் அடங்கியதும், உள்ளே மின்விசிறி கிரீச் கிரீச்சென்று சுற்றுவது மட்டும் கேட்டது.

"சத்தியமா மாமா பெரிய ஆளுதான் அத்தை!" அவன் மூச்சு வாங்கச் சிரித்தான். "அசையல பாரு. இன்னா தூக்கம்!"

ஞானாம்பாள், ஆடை படிந்து ஆறிப்போயிருந்த டீயை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"டீ போட்டு எடுத்துப் போயி எழுப்பினேன், அருணு. உலுக்கிப் பாத்தேன். ஒடம்பு சில்லுனு இருக்குது. உன் பொட்டிக்காவது எழுந்து வந்து திட்டுவாருன்னு நெனச்சேன்... அத அணைச்சிட்டு, போயி ஊருக்குச் சொல்லுப்பா."