இன்னும் கொஞ்சம் இடது பக்கம்

"மேல அவர் இருக்கார் தம்பி, பார்த்து ஏறுங்க" என்றார் அந்த அக்கா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

காலை மணி பதினொன்று நாற்பது. பன்னிரண்டு அடித்தால் பழைய ஒளிபரப்பு நின்றுவிடும். அதன் பிறகு டிஜிட்டல் பெட்டி இருந்தால்தான் படம், இல்லாவிட்டால் வெறும் புள்ளிதான்.

ஊரே என்னைப் பெட்டிக்காரன் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. வீட்டில் பெட்டியை மாட்டி, மாடியிலிருக்கும் ஆன்டெனாவைக் கழற்றி இறக்க வேண்டும். தெருவில் எல்லா வீடும் முடிந்தாயிற்று. மூன்று முறை என்னை வாசலோடு திருப்பி அனுப்பிய வீடு இது ஒன்றுதான்.

ஏணி பின்பக்கச் சுவரில் ஏற்கெனவே சாத்தியிருந்தது. அதை நகர்த்தி வருஷக்கணக்கில் ஆகியிருக்கும். ஏணிக் காலைச் சுற்றிக் கொடி படர்ந்திருந்தது.

மாடியில் யாரும் இல்லை.

ஆன்டெனா மட்டும் நின்றது. போல்ட்டெல்லாம் துருவேறி ஒரே கட்டியாகியிருந்தது. ஸ்பானரைப் போட்டுத் தொங்கியே பார்த்துவிட்டேன். இம்மிகூட அசையவில்லை.

கீழே போய்ச் சுத்தியல் எடுத்துவரலாம் என்று ஓரத்துக்கு வந்தேன். இருபது வருஷம் ஊரெல்லாம் ஆன்டெனா திருப்பியவன் வாய் சும்மா இருக்குமா? பழக்க தோஷத்தில் கத்திவிட்டேன்.

"தெரியுதா?"

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்!" என்று கீழே ஜன்னலிலிருந்து அக்காவின் பதில் வந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. கம்பத்துக்கும் எனக்கும் நடுவில் பத்தடி இருக்கும்.

முதுகுக்குப் பின்னால் கிரீச்சென்றது. ஆன்டெனா இடது பக்கம் திரும்பியது. கொஞ்சம்தான். அக்கா சொன்ன அளவுக்கு.

எப்படி இறங்கினேன் என்று கேட்காதீர்கள். என் ஸ்பானர் இன்னும் அந்த மாடியில்தான் கிடக்கிறது.

கூடத்துக்குள் நான் நுழையவும் பன்னிரண்டு அடிக்கவும் சரியாக இருந்தது. படம் போய்விட்டது. திரை முழுக்கப் புள்ளி, ஒரே இரைச்சல். எங்கோ ஒருவர் சுவிட்சை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்.

அக்கா பதறிப்போய் ஜன்னலுக்கு ஓடினார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கத்தினார். மேலே கிரீச் சத்தம் நிற்கவே இல்லை.

எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். பெட்டியை மாட்டினேன். கழுவித் துடைத்தாற்போலப் படம் வந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை.

அதைப் பார்த்ததும் அக்காவின் முகம் செத்துப்போயிற்று.

பிறகு சொன்னார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு தொடரின் கடைசி நாள். மாடியில் ஆன்டெனா திருப்பிக்கொண்டிருந்த கணவரைப் பார்த்து, படம் தெளிந்ததும், போதும், இறங்கி வாங்க என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தியிருக்கிறார். எழுந்துபோய் ஏணியைப் பிடிக்கவில்லை. மேலிருந்து மூன்றாவது படியில் ஏணி சரிந்துவிட்டது. விழுந்தவர் பிழைக்கவில்லை.

அன்றிலிருந்து அக்கா 'போதும்' என்று சொன்னதே இல்லை. படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இன்னும் கொஞ்சம் என்றுதான் சொல்லியிருக்கிறார். மேலேயே இருந்துவிட்டால் விழ வேண்டியதில்லை அல்லவா?

கிரீச். கிரீச். இப்போது அந்த ஆன்டெனா முழுச் சுற்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒளிபரப்பே நின்றுபோனதை அந்த மனுஷனுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். பயத்தைவிடப் பாவமாக இருந்தது.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஏணியக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா, தம்பி?"

பிடித்துக்கொண்டேன், இரண்டு கையாலும். அவர் மறுபக்கம் வந்து நின்று, ஏணிக் காலுக்குத் தன் காலை முட்டுக்கொடுத்து, அண்ணாந்து பார்த்தார்.

"போதுங்க. நல்லாத் தெரியுது. இறங்கி வாங்க."

மேலே சத்தம் நின்றது.

பிறகு உச்சிப் படியில் கனம் ஏறியது. அடுத்தது இரண்டாவது படி.

மூன்றாவதில் ஏணி ஒரு பக்கமாக இழுத்தது. சுற்றியிருந்த கொடி பட்பட்டென்று அறுந்தது. நான் விடவில்லை. அக்காவும் விடவில்லை.

ஒவ்வொரு படியாகக் கனம் இறங்கி வந்தது. கடைசிப் படியைத் தாண்டியதும் ஏணி லேசாகிவிட்டது.

அக்கா ஓரடி விலகி வழிவிட்டார்.

நானும் விலகினேன்.