சூரன்போர் அன்று வந்த மான்

மான் வந்த நேரமும் குமுதினி வந்த நேரமும் ஒன்றாகிப்போயிற்று.

ஓக் மரத்தில் ஏணி சாத்தி மேலே கட்டிய பலகையில் அவள் புருஷன் பிரியந்தன் இருந்தான். பச்சை உடுப்பு, முகத்தில் வலை, கையில் வில். கலியாணம் கட்டிய இத்தனை வருடத்தில் அவனை இவ்வளவு அசையாமல் அவள் கண்டதில்லை.

மானுக்கு அகன்ற கொம்பு. காணிச் சொந்தக்காரரைப்போல நின்று பூசணிக் கொடியை மென்றுகொண்டிருந்தது.

உண்மையான சொந்தக்காரர் பாலேந்திரா. மரக்கறி போட்டு ஈஸ்ட்ஹாம் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று நகருக்கு வெளியே ஹேவரிங்கில் இந்தக் காணியை வாங்கினார். போட்டதையெல்லாம் மான் தின்றது. பிரியந்தன் டென்மார்க்கில் இருந்த காலத்தில் வில்லும் அம்புமாக மான் அடித்தவன் என்று கேள்விப்பட்டதும், காணிக் கேற்றின் பூட்டுத் திறப்பைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாரிக்கும் பாலேந்திரா வீட்டுக்கு ஒரு மான் தொடை போகும். அவரும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைச் சொல்லிப் பெருமையடிப்பார்.

குமுதினிக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. ஆனால் இன்று கந்தசஷ்டியின் ஆறாம் நாள்.

மூன்று முறை பிள்ளை வயிற்றில் தங்கி, மூன்று முறையும் நிலைக்காமல் போயிற்று. இந்த வருடம் இரண்டு பேரும் சேர்ந்து விரதம் பிடிப்போம் என்று அவள்தான் கேட்டாள். அவன் மறுபேச்சில்லாமல் ஓம் என்றான். அப்போதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வேலைக்கு லீவு போட்டான். ஒவ்வொரு நாளும் விடிய எழும்பித் தலைமுழுகி, வாசனைச் சவர்க்காரம்கூடப் போடாமல், மனோர் பார்க் முருகனிடம் என்று சொல்லி வெளிக்கிட்டான். பொழுதுபட வாடிய முகத்தோடு வந்து, ஒரு கிளாஸ் பாலைக் குடித்துவிட்டுப் படுத்தான். குமுதினி ஷிப்ட் முடித்துக் கோயிலுக்குப் போகும்போது, இப்படி ஒரு மனுசனைத் தந்ததற்கு முருகனுக்கு நன்றிகூடச் சொன்னாள்.

இன்று சூரன்போர் பார்க்க நேரத்தோடு போனாள். நாள் முழுக்கக் கோயில் மடப்பள்ளியில் நிற்கும் சந்திரவதனா அக்கா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்ரை மனுசனுக்குச் சுகமில்லையோ? இந்த ஆறு நாளும் காணேல்லை."

வீட்டுக்குத் திரும்பி வந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தாள். வில்லுப் பையைக் காணவில்லை.

வள்ளி ஒரு மானின் வயிற்றில் பிறந்தவள். முறைப்படி பார்த்தால் மான்கள் முருகனுக்குப் பெண் கொடுத்த வீட்டுக்காரர். அவரிடமே பிள்ளை வரம் கேட்டுப் பட்டினி கிடந்துகொண்டு, அவர் மாமியார் வீட்டில் போய் அம்பு விடுகிறவனை என்ன சொல்லி ஏசுவது என்று யோசித்து யோசித்து அவள் கார் ஓட்டி வந்திருந்தாள்.

மேலே பிரியந்தன் எழுந்து நின்றான். நாண் அவன் காதுவரை போயிற்று.

இந்த மான் விழுந்தால் ஆறு நாளும் வீண், இனிப் பிள்ளையும் இல்லை என்றே குமுதினிக்குப் பட்டது. கத்தப் பார்த்தாள்.

"விடாதேங்கோ."

பட்டினித் தொண்டையில் அது பாதிதான் வெளியே வந்தது. ஆனாலும் மானுக்குக் கேட்டது. தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தது. பிறகு வாயில் ஒரு பூசணி இலை தொங்க, அவசரமே இல்லாமல் வேலிப் பற்றைக்குள் நுழைந்து போனது.

பிரியந்தன் நாணை மெல்ல மெல்ல இறக்கினான். கீழே நிற்பது யாரென்று கண்டதும் பலகையில் தொப்பென்று இருந்துவிட்டான்.

ஏச்சை எங்கிருந்து தொடங்கலாம் என்று அண்ணாந்து பார்த்தபோதுதான் குமுதினி வில்லைச் சரியாகக் கண்டாள். நாணில் அம்பு இல்லை. அவன் முதுகில் இல்லை, பலகையில் இல்லை, மரத்தைச் சுற்றி நிலத்திலும் இல்லை.

"அம்பு எங்கை?"

"இந்த நாட்டிலை அம்பாலை மான் அடிச்சா உள்ளுக்கை போட்டிடுவாங்கள்."

அவள் அடுத்ததைக் கேட்குமுன் அவனே அதையும் சொன்னான்.

"தொடை றொம்ஃபோர்ட் இறைச்சிக்கடையிலை வாங்கிறது. பாலேந்திராவுக்குச் சொல்லிப்போடாதையும்."

காட்டில் அடித்த இறைச்சிக்கு ஒரு தனி ருசிதான் என்று பாலேந்திராவின் மனைவியிடம் வருடா வருடம் சொல்லிக்கொண்டிருந்தவள் குமுதினி. அவளுக்குக் கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது.

"அப்ப அம்பும் இல்லாமல் ஆறு நாளா இஞ்சை என்ன செய்யிறியள்?"

பிரியந்தன் முகத்து வலையைக் கழற்றினான். மானுக்கு மணம் போகும் என்று அவன் பகலில் ஒன்றும் தின்பதில்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"கோயிலிலை எல்லாரும் விசேஷம் ஏதும் இருக்கோ எண்டு கேக்கினம். இதுகள் கேக்காதுகள்."

சந்திரவதனா அக்காவும் இன்று முதலில் அதைத்தான் கேட்டாள். மனுசனைக் காணேல்லை என்றது அதற்குப் பிறகுதான்.

இருட்டிக்கொண்டு வந்தது. மனோர் பார்க்கில் சூரன்போர் தொடங்கியிருக்கும். இப்போது வெளிக்கிட்டாலும் முடிவையாவது பார்க்கலாம்.

அவள் செருப்பைக் கழற்றி வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள்.

"தள்ளி இருங்கோ," என்றாள்.