மாற்றிக் கொடுத்த ஒயர்

மனைவி தவமணியை ஒன்பது மணிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். புது பேட்டரியைத் தானே மாட்டிய ஞானசிகாமணி சாவியைத் திருகினார். காரில் ஒரு விளக்குகூட எரியவில்லை. மெக்கானிக் இதயதுல்லாவை ஃபோனில் பிடித்தார்.

"பிளஸ், மைனஸ் ஒயரை மாத்திக் குடுத்துட்டீங்களா சார்?"

"அதெல்லாம் இல்ல. பேட்டரிதான் சரியில்ல."

"அப்ப நான் வந்துதான் பாக்கணும். பதினொரு மணி ஆயிரும்."

முன்சீட்டில் தவமணி உட்கார்ந்திருந்தாள். வீங்கியிருந்த அவள் பாதங்களைப் பார்த்தார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் தன் மீது தவறென்று அவர் ஒருமுறையும் சொன்னதில்லை.

"மாத்தித்தான் குடுத்துட்டேன், பாய். பொறி பறந்துச்சு. தப்பு என்னுதுதான்."

"அப்ப மெயின் ஃபியூஸ் போயிருக்கும். மொதல்ல ஒயரைச் சரியா மாட்டுங்க. ஃபியூஸ் பெட்டி மூடிக்குள்ள கூடுதலா ஒண்ணு இருக்கும், அதைப் போடுங்க."

போட்டதும் வண்டி உறுமியது. தெருமுனையைத் தாண்டினார்கள். தவமணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"நம்ம புள்ள சகாயம் வீட்டை விட்டுப் போனானே, அன்னிக்கு அவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொல்றேன்," என்றார்.